துவக்கும் காவலும்

ஊர்காவற்றுறை என்னும் பெயரிலேயே காவல் என்னும் சொல் அமைந்து கிடக்கின்றது. ஊரைக் காக்கும் துறை என்பது அதன் பொருள். போர்த்துக்கேயர் தம் மொழியில் இறங்குதுறையைக் குறிக்கும் சொல்லால் அதனை அழைத்தனர். அதுவே திரிந்து கைற்ஸ் என ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. அத்துறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கோட்டையைத் தீவக மக்கள் யாவரும் அறிவர். பீரங்கிகளை ஏந்தி நின்ற அக்கோட்டை 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தது. உள்ளிருந்தோரைப் பணியச் செய்தது குடிநீர்ப் பஞ்சமே என்று வரலாறு கூறும். படைக்கலம் இருந்தாற் போதும், காவல் தானே வந்துவிடும் என்று எண்ணுவார்க்கு இந்நிகழ்ச்சி ஒரு நல்ல பாடமாகும்.

நூல்களில் துப்பாக்கி என்றும் ஈழத்தமிழர் பேச்சில் துவக்கு என்றும் வழங்கும் கருவியும் பெரும்பாலும் காவலின் பொருட்டே விரும்பப்படுகின்றது. பயிரைக் காக்க வேண்டும், வீட்டைக் காக்க வேண்டும் என்பதே அதனை நாடுவார் கூறும் காரணம். ஆயின், காக்க வந்த அக்கருவிக்கே ஒரு காவல் வேண்டும். அது வாய்க்காவிடின், வேலியே பயிரை மேய்ந்த கதையாக முடிந்துவிடும். முதன்முதலாகத் துவக்கொன்றை வீட்டுக்குக் கொண்டுவரும் ஒருவர் கற்றிருக்க வேண்டியவை யாவை, கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள் யாவை என்பன இங்கு முறையே விளக்கப்படுகின்றன.

முதலில் எழ வேண்டிய வினா, துவக்கு உண்மையாகவே வேண்டியதுதானா என்பது. தீவகத்தில் யானை இல்லை. இங்கே தோட்டத்துப் பயிருக்கு ஊறு செய்வன பெரும்பாலும் கட்டாக்காலியாகத் திரியும் மாடுகளும் ஆடுகளுமே. அவை பிறர் உடைமை. அவற்றைத் தடுப்பதற்கு உரியது நல்ல வேலி. அவற்றின் உரிமையாளரோடு பேசித் தீர்வு காண்பதற்கு உரிய இடம் ஊர்ச்சபையும் பிரதேச சபையும். அயலவன் மாட்டின்மேற் சுடுபவன் தன் பயிரைக் காத்தவனாக மாட்டான். ஊர்காவற்றுறை நீதிமன்றத்தின் முன் குற்றவாளியாகவே நிற்பான். ஆயினும், தீவகத்தார் பலருக்கு வன்னிப் பெருநிலத்தில் வயலும் மேட்டுநிலமும் உண்டு. அங்கே காட்டுப்பன்றியும் குரங்கும் ஓர் இரவில் ஒரு போகத்து உழைப்பை அழித்துவிடுவன. பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டுத் துவக்குக்கு விண்ணப்பிப்போருட் பலர் இத்தகைய கமக்காரரே. அவர் தேவை மெய்யானது. ஆதலின் அவர் ஏற்கும் பொறுப்பும் மெய்யானதாக இருத்தல் வேண்டும்.

இலங்கையில் துவக்குகளை ஆளும் அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமாகும். நூறாண்டுக்கு மேற்பட்ட அச்சட்டம் காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டுள்ளது. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைப் பெரிதும் கடுமையாக்கியது. வெடிமருந்துகளுக்கு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட் சட்டம் தனியே உண்டு. இச்சட்டங்களின் உட்கருத்தை ஒரே வாக்கியத்திற் கூறிவிடலாம்: அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் துவக்கை வைத்திருத்தலும் எடுத்துச் செல்லுதலும் ஆகா.

பயிர்ப் பாதுகாப்புக்கு விண்ணப்பிப்பவர் கிராம அலுவலர் வழியாகவும் பிரதேச செயலகத்தின் வழியாகவும் மாவட்டச் செயலகத்தை நாட வேண்டும். தீவகத்திற் பிரதேச செயலகங்கள் ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு, காரைநகர் ஆகிய இடங்களில் உள்ளன. நயினாதீவார் வேலணையைச் சார்ந்தவர். நிலம் வேறொரு மாவட்டத்தில் இருப்பின், எந்த அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைத் தம் கிராம அலுவலரிடம் முன்னரே கேட்டறிதல் நன்று. நிலத்தின் உடைமை, பயிரின் தன்மை, அதற்கு நேரும் அழிவு, விண்ணப்பிப்பவரின் நடத்தை ஆகியன ஆராயப்படும். பொலிஸாரின் அறிக்கையும் பெறப்படும். விண்ணப்பித்தார் யாவர்க்கும் அனுமதி கிடைத்துவிடும் என்பதில்லை. இவ்விசாரணையைத் தொல்லை என்று கருதுவோர் உளர். உண்மையில் அது, இந்த மனிதன் கையில் ஒரு துவக்கு இருப்பினும் யாம் அச்சமின்றி உறங்கலாம் என்று ஊரார் சார்பில் அரசு பெறும் உறுதியாகும்.

அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. ஆண்டின் கடைசி மூன்று மாதங்களும் இதற்கு உரிய காலம். அது ஒருவர் பெயருக்கே உரியது என்பதையும் நினைவில் இருத்த வேண்டும். தந்தையின் பெயரில் உள்ள துவக்கைத் தந்தையின் மறைவுக்குப்பின் மகன் தாலிக்கொடியையும் காணியுறுதியையும் போல முதுசமாக வைத்துக்கொள்ளுதல் இயலாது. உடனே அதிகாரிகளுக்கு அறிவித்து, தன் பெயருக்கு அனுமதி கிடைக்கும்வரை அதனை ஒப்படைத்துவிடுதல் வேண்டும். புங்குடுதீவிலும் வேலணையிலும் உரிமையாளர் கடல் கடந்து வாழப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல உள்ளன. இத்தகைய வீடொன்றின் அலுமாரிக்குட் துவக்கை விட்டுச் செல்லுதல், திருடனுக்கு அதனைப் பரிசாக வைத்துச் செல்லுதற்கு ஒப்பாகும். நெடும்பயணம் மேற்கொள்பவர் அதனை முறைப்படி பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெற்ற பின்னரே புறப்படுதல் தக்கது.

வீட்டில் துவக்கு இருப்பது வீட்டுக்குக் காவல் என்பது எக்காலத்தும் உண்மையாவதில்லை. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போதும், 1987 முதல் 1989 வரையான கலவரக் காலத்திலும், தென்னிலங்கைக் கிராமங்களில் அனுமதிபெற்ற துவக்குகள் இருந்த வீடுகளையே கிளர்ச்சியாளர் தேடிச் சென்றனர். காவலுக்கென வைத்திருந்த கருவியே பகையை வாசலுக்கு அழைத்து வந்தது. இதனால் அறியத்தக்க ஒழுக்கம் ஒன்றுண்டு. துவக்கு வைத்திருப்பவர் அதனைப் பறைசாற்றலாகாது. விருந்தினருக்கு எடுத்துக் காட்டுதலும், திருமண வீட்டிற் தோளில் மாட்டி நிற்றலும், அதனுடன் நின்று படம் எடுத்துப் பிறருக்கு அனுப்புதலும் பேதைமையின்பாற்படும்.

இனி, கருவியின் இயல்பை நோக்குவோம். கமக்காரர் கையில் பெரும்பாலும் காணப்படுவது பன்னிரண்டு துளை என்று வழங்கும் வேட்டைத் துவக்கு. இப்பெயரின் வரலாறு சுவையானது. அதன் குழலின் விட்டத்துக்குச் சரியாக ஈயக் குண்டுகளை வார்த்தால், பன்னிரண்டு குண்டுகள் ஓர் இறாத்தல் நிறை நிற்கும். விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். எண் உயர உயரக் குழல் ஒடுங்கும். இருபது துளைக் குழல் பன்னிரண்டு துளைக் குழலினும் ஒடுங்கியது. இதனை அறியாமையால் நேரும் விபத்து ஒன்று உண்டு. இருபது துளைக்குரிய தோட்டா தவறிப் பன்னிரண்டு துளைக் குழலிற் போடப்பட்டால், அது உள்ளே நழுவிச் சென்று நடுவழியிற் சிக்கிக்கொள்ளும். குழல் வெறுமையாக உள்ளதென்று எண்ணி அதன் பின்னே சரியான தோட்டாவை இட்டுச் சுடுபவரின் முகத்தருகே குழல் வெடித்துவிடும். இக்காரணம் பற்றியே இருபது துளைத் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் இடும் வழக்கம் உலகெங்கும் நிலைத்தது. வெவ்வேறு அளவுத் தோட்டாக்களை ஒரே பெட்டியில் வைத்தல் ஆகாது. குழலில் உள்ள எழுத்தையும் தோட்டாவில் உள்ள எழுத்தையும் ஒப்பிட்டுப் பாராமல் இடுதலும் ஆகாது.

வேட்டைத் துவக்கின் தோட்டாவினுள் இருப்பன சன்னங்கள் எனப்படும் சிறு ஈயக் குண்டுகள். சுட்டவுடன் அவை விரிந்து பரவும். குறியை நம்பிக்கையோடு அடிக்கக்கூடிய தூரம் ஏறத்தாழ 35 மீற்றரே. இதனைக் கேட்பவர், அதற்கப்பால் அவற்றால் தீங்கில்லை என்று எண்ணிவிடுதல் கூடும். அங்கேதான் பெரும் பிழை நேர்கின்றது. பறவைக்குரிய சிறு சன்னங்களும் 200 மீற்றருக்கு அப்பாற் செல்ல வல்லன. பன்றிக்கு இடும் பெருஞ் சன்னங்கள் ஏறத்தாழ 600 மீற்றர்வரை செல்லக்கூடும். சுடுபவர் நிற்கும் இடத்தை நடுவாகக் கொண்டு 600 மீற்றர் ஆரையில் ஒரு வட்டம் வரைந்தால் அதன் பரப்பு ஒரு சதுர கிலோமீற்றருக்கு மேற்படும். நயினாதீவின் முழுப் பரப்பே ஏறத்தாழ நான்கு சதுர கிலோமீற்றர்தான். ஆகவே, அத்தீவின் நடுவில் நிற்கும் ஒருவர் கையிலுள்ள துவக்கின் எட்டுக்குள் தீவின் காற்பங்குக்கு மேலான நிலம் அடங்கிவிடும். அந்நிலத்திலுள்ள வீடுகளும் கிணற்றடிகளும் பள்ளிக்கூடமும் கோயில் வீதியும் அவ்வெல்லைக்குள் அமையக்கூடும்.

மலைநாட்டிற் சுடுபவர்க்குப் பின்னணியாக ஒரு குன்றோ மண்மேடோ இருக்கும். குறி தவறிய சன்னம் மண்ணிற் புதைந்துவிடும். தீவகம் தட்டையானது. இங்கே கண்ணுக்குத் தடையாக நிற்பது கிடுகு வேலி. அது பார்வையை மறைக்கும், சன்னத்தை மறிக்காது. நெடுந்தீவில் வேலிக்குப் பதிலாகப் பவளக்கற்களை அடுக்கிய மதில்கள் நிற்கின்றன. வைரம் பாய்ந்த பனையைப் போலவே அக்கல்லும் சன்னத்தை எதிர்பாராத திசையில் திருப்பி எறிய வல்லது. கடல்நீரின் இயல்பும் அத்தகையதே. ஓட்டாஞ்சில்லை நீரின்மேற் தாழ எறியும் சிறுவர் அது தத்தித் தத்திச் செல்வதைக் கண்டிருப்பர். தாழ்ந்த கோணத்திற் பட்ட சன்னமும் அங்ஙனமே நீரிற் தத்திச் செல்லும். களங்கண்டிப் பட்டிகளின் அருகே மீன்பிடித்து நிற்பவர்மேற் பட்டுவிடவும் கூடும். கடலை நோக்கிச் சுட்டாற் பிழையில்லை என்னும் எண்ணம் தீவகத்திற் சிறிதும் பொருந்தாது.

இவ்வளவும் கருதியே துவக்கைக் கையாளுவோர்க்கு நான்கு விதிகள் உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றன. இவற்றை இந்த வடிவிற் தொகுத்துப் பரப்பியவர் ஜெஃப் கூப்பர் என்னும் அமெரிக்கப் படைவீரர் ஆவர். முதலாம் விதி: எந்தத் துவக்கையும் தோட்டா இடப்பட்டதாகவே கருதுக. ‘வெறுந் துவக்குத்தானே’ என்று கூறிய வாயோடேயே பல உயிர்கள் போயின. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுந்தோறும் நடுவில் மடித்துத் திறந்து, குழல் வெறுமை என்று இருவரும் கண்ணாற் கண்டபின்னரே வாங்குதல் வேண்டும். இரண்டாம் விதி: அழிக்க விரும்பாத எதன்மேலும் குழலின் வாய் திரும்பலாகாது. விளையாட்டுக்கும் ஆகாது, அச்சுறுத்துவதற்கும் ஆகாது. மூன்றாம் விதி: குறியிற் கண் பதியும்வரை விரல் விசைக்கு வெளியே நிற்றல் வேண்டும். கால் இடறினாலும் திடுக்கிட்டாலும் மனிதன் கை தானே இறுகும். விசையின்மேல் இருக்கும் விரலும் அதனோடு சேர்ந்து இறுகும். நான்காம் விதி: சுடப்படுவது இன்னதென்றும், அதன் முன்னும் பின்னும் உள்ளவை இன்னவென்றும் ஐயமற அறிந்தபின்னரே சுடுதல் வேண்டும்.

நான்காம் விதியே தீவகத்தார்க்கும் வன்னிக் கமக்காரர்க்கும் உயிர்நிலை போன்றது. பன்றி வருவது இரவில். அதே இரவில் அடுத்த வயற்காரரும் தம் காவற்குடிலில் விழித்திருப்பார். வரம்பின் வழியே குனிந்து நடப்பார். பற்றைக்குள் அசைவு கேட்டுச் சென்று பார்ப்பார். சலசலப்பைக் கேட்டோ, இருளிற் தோன்றிய ஒரு கரிய உருவைக் கண்டோ சுடுபவர் விலங்கைச் சுடுகின்றாரா, அயலவரைச் சுடுகின்றாரா என்பதை அறியார். அடுத்தடுத்த வயற்காரர் மாலையிலேயே கலந்து பேசி, இன்ன இரவில் இன்னார் காவல், இன்னார் இன்ன இடத்தில் இருப்பார் என்று வரையறுத்துக்கொள்வது நல்ல வழக்கம். ஐயம் தோன்றின் சுடாது விடுவதே முறை. தப்பிச் சென்ற பன்றி நாளையும் வரும்.

கள்ளோ சாராயமோ அருந்தியவர் துவக்கைத் தொடலாகாது என்பதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. வேலியைக் கடக்கும்போது, கடப்பின்மேல் ஏறுமுன் தோட்டாவை எடுத்துவிட்டுத் துவக்கைத் திறந்த நிலையில் அப்பால் வைத்த பின்னரே ஏறுதல் வேண்டும். தனித்துச் செல்பவர் குழலின் வாய் தம்மை நோக்காதவாறு அதனை வைத்தல் வேண்டும். விசையை அழுத்தியும் வெடிக்காதபோது உடனே திறந்து பார்த்தல் பெரும் பிழை. மருந்து உள்ளே கனன்று சற்றுத் தாமதித்து வெடித்தலும் உண்டு. குழலை ஆபத்தற்ற திசையில் நிறுத்தி, குறைந்தது அரை நிமிடமாவது பொறுத்திருந்து, அதன் பின்னரே திறத்தல் வேண்டும்.

கடல் சூழ்ந்த நிலத்துக்குத் தனியான இன்னொரு பகையும் உண்டு. அது உப்புக்காற்று. சோளகம் வீசும் மாதங்களில் தீவகத்துப் பூட்டும் பிணைச்சலும் துருவேறி இறுகுவதை இல்லத்தரசியர் நன்கறிவர். துவக்கின் குழலும் இரும்பே. துருவால் உட்புறம் அரிக்கப்பட்ட குழல் வலிமை குன்றும். துருப்பிடித்த விசை எதிர்பாராத வேளையில் நழுவும். பயன்படுத்திய அன்றே துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் இட்டு வைத்தலும், பயன்படுத்தாத காலத்திலும் இடையிடையே எடுத்துப் பார்த்தலும் வேண்டும். துடைக்கத் தொடங்குமுன் தோட்டாக்கள் வேறு அறையில் இருத்தல் வேண்டும். ஈரம் ஏறிய தோட்டா நம்பத்தகாதது. குழலின் வாயில் மணலோ சேறோ அடைத்திருப்பின், சுடும்போது குழல் பிளக்கும். ஆதலின் இடுமுன் ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் குழலின் ஊடே நோக்குதல் வேண்டும்.

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகிற் செல்வோர் நெருங்கி அமர்ந்து செல்வது வழக்கம். குழந்தைகளும் மூட்டை முடிச்சுகளும் நிறைந்த அப்படகில் துவக்கை எடுத்துச் செல்ல நேர்பவர், தோட்டாக்களை நீக்கி, கழற்றக்கூடியதாயின் கழற்றி, உறையிலிட்டுக் கட்டி, அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். கடற்படையினரோ பொலிஸாரோ வினவுமுன்னர்த் தாமே அறிவித்துவிடுதல் நன்று. நீண்ட போரைக் கண்ட மண் இது. 1990ஆம் ஆண்டில் போர் தீவகத்துக்குள் வந்தபோது குடிகளிற் பெரும்பாலோர் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றபோதிலும், ஒருவர் கையில் துவக்கைக் கண்டவுடன் நடுங்கும் நெஞ்சங்கள் இன்றும் உள. அந்த அச்சத்தை மதித்து நடப்பதும் துவக்கு வைத்திருப்பவரின் கடமையே.

வீட்டில் எங்கு வைப்பது என்பது அடுத்த வினா. துவக்கு ஒரு பூட்டிலும் தோட்டா வேறொரு பூட்டிலும் இருத்தல் வேண்டும். திறவுகோல் உரிமம் பெற்றவரிடம் மட்டுமே இருத்தல் வேண்டும். கூரை வளையிற் செருகி வைத்தலும், கதவின் பின்னே சாத்தி வைத்தலும், தலையணையின் கீழ் வைத்தலும் பழைய வழக்கங்கள். அவை பழைய துயரங்களுக்கும் காரணமாயின. குழந்தைக்கு எட்டாத உயரம் என்று ஒன்றில்லை. முக்காலியும் பெட்டியும் எல்லா வீட்டிலும் உண்டு. ‘தொடாதே’ என்னும் சொல்லும் பூட்டுக்கு ஈடாகாது.

குழந்தையைப் பற்றிய எச்சரிக்கையைப் பலரும் ஏற்பர். பெரியவரைப் பற்றிய எச்சரிக்கையைக் கூறப் பலரும் கூசுவர். ஆயினும் அதனைக் கூறாது விடுதல் தகாது. இலங்கையில் 1995ஆம் ஆண்டில் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டோர் இலட்சம் பேருக்கு 47 பேர். உலகில் மிக உயர்ந்த எண்ணிக்கைகளுள் அஃதொன்று. அவ்வாண்டிலும் அதன் பின்னரும் மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுகளுள் அவ்வெண்ணிக்கை மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. அந்தத் தடைகளே இதற்குத் தலையாய காரணம் என்று ஆய்வாளர் கண்டனர். மனிதரின் துயரம் நீங்கிவிடவில்லை. துயரத்தின் உச்ச வேளையிற் கைக்கு எட்டிய நஞ்சின் கொடுமை குறைந்தது. அவ்வேளை கடந்தவர் பலர் உயிரோடு வாழ்ந்தனர். சுவிற்சர்லாந்தில் 2003ஆம் ஆண்டுக்குப்பின் படையினர் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டபோது, வீடுகளில் இருந்த படைத் துவக்குகளும் குறைந்தன. அவ்வயதிற்குரிய ஆடவரிடையே தற்கொலையும் குறைந்ததாக ஆய்வொன்று காட்டியது.

இதிலிருந்து ஒரு நடைமுறை பிறக்கின்றது. வீட்டில் ஒருவர் பெருந்துயரில் ஆழ்ந்திருக்கின்றார், குடியில் வீழ்ந்திருக்கின்றார், கடனாலோ பிரிவாலோ மனம் உடைந்திருக்கின்றார் என்று கண்டால், அன்றே துவக்கை வீட்டினின்றும் அகற்றிப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்தல் வேண்டும். அத்துயருற்றவர் அனுமதிப்பத்திரம் பெற்றவராகவே இருப்பினும் இதனைச் செய்யத் தயங்கலாகாது. மனைவியோ மகனோ கிராம அலுவலரிடம் இதனை எடுத்துரைத்தல் குடும்ப மானத்துக்கு இழுக்காகாது. கனடாவில் துவக்குரிமம் கோருவோர் முதலில் பாதுகாப்புப் பயிற்சியைக் கற்றுத் தேறுதல் கட்டாயம்; அன்றியும், அவருடைய வாழ்க்கைத் துணைக்கு அவ்விண்ணப்பம் அறிவிக்கப்படுகின்றது. அந்நாட்டில் வாழும் தீவகத்தார் இதனை அறிவர். வீட்டுக்கு வரும் கருவியைப் பற்றி வீட்டாரின் சொல்லுக்கு இடமிருத்தல் வேண்டும் என்பதே இவ்வழக்கத்தின் உட்பொருள். சட்டம் கேளாவிடினும், விண்ணப்பத்திற் கையொப்பமிடுமுன் மனைவியின் கருத்தைக் கேட்பவர் அறிவுடையவர்.

அனுமதி பெற்ற துவக்காலும் செய்யத் தகாதன சில உண்டு. நெடுந்தீவிற் கட்டின்றித் திரியும் குதிரைகள் அத்தீவின் பெருமை. அத்தீவின் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டுள்ளது. மாரிக்காலத்தில் மண்டைதீவு, வேலணைக் கடலேரிகளுக்கு வந்திறங்கும் பூநாரைகளும் தாராக்களும் நெடுந்தொலைவிலிருந்து வரும் விருந்தினர். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இத்தகைய உயிர்களைக் காக்கின்றன. பயிர்ப் பாதுகாப்புக்கென அளித்த அனுமதி வேட்டைக்கு அளித்த அனுமதியாகாது.

இவை அனைத்தினும் கொடியது கட்டுத்துவக்கு. இடியன் துவக்கு எனப்படும் நாட்டுத் துவக்கையோ, ஓர் இரும்புக் குழாயையோ விலங்கு வரும் வழியிற் கட்டி, குறுக்கே நூலொன்றை இழுத்துவிட்டுப் போய்விடுவர். நூல் இடறினால் அது வெடிக்கும். இடறுவது பன்றியா, விறகு பொறுக்கச் சென்ற தாயா என்று அது அறியாது. சுடுபவனே இல்லாத துவக்கு அது. ஆகவே மேற்கூறிய நான்கு விதிகளுள் ஒன்றேனும் அதற்குப் பொருந்தாது. நாட்டின் உலர்வலய மருத்துவமனைகளில் கால் சிதைந்து வருவோர் பலர் இதனால் வருவோரே. சட்டம் இதனை முற்றாக விலக்கியுள்ளது. அவ்வாறே, போர் எச்சமாக மண்ணிலிருந்து வெளிப்படும் துவக்கையோ குண்டையோ கண்டவர் அதனைத் தொடாமலும் அசைக்காமலும் அவ்விடத்தை அடையாளமிட்டு விலகி, பொலிஸாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவித்தல் வேண்டும். கண்டெடுத்த துவக்கு எடுத்தவருக்கு உரியதாகாது.

புதிதாக அனுமதி பெற்றவர் முதல் ஓராண்டைக் கற்கும் ஆண்டாகக் கருதுதல் நன்று. அனுபவமும் நிதானமும் வாய்ந்த, அனுமதி பெற்ற மூத்தவர் ஒருவரின் துணையின்றி அவ்வாண்டில் துவக்கை எடுக்கலாகாது. தோட்டா இடாமலே திறத்தல், மூடல், ஏந்தல், கைமாற்றல் ஆகியவற்றைக் கை பழகும்வரை பயிலுதல் வேண்டும். வாங்கிய தோட்டா எத்தனை, செலவிட்டது எத்தனை, எஞ்சியது எத்தனை என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் வேண்டும். புரட்டாதி பிறந்தவுடன் அனுமதிப்பத்திரத்தின் காலத்தை எடுத்துப் பார்த்தல் வேண்டும். அந்நாளிலேயே மற்றொன்றையும் தமக்குள் வினவிக்கொள்ளலாம்: கடந்த ஓராண்டில் இத்துவக்கு எத்தனை முறை மெய்யாகவே தேவைப்பட்டது? மின்வேலியாலும் கூட்டுக் காவலாலும் பயிர் காக்கப்பட்டுவிட்டதாயின், அதனைத் திருப்பி ஒப்படைத்துவிட முறையுண்டு. அங்ஙனம் ஒப்படைத்துவிட்டுத் திரும்புபவரின் வீட்டில் அன்றிரவு பூட்டிப் பாதுகாக்க வேண்டிய பொருள் ஒன்று குறைந்திருக்கும்.